நேற்று முடியவில்லை, இன்று முடிந்தது: பிள்ளைகளின் சின்னச் சாதனைகளும் பெற்றோரின் பெருமையும்

"என் பொண்ணு இன்னைக்குச் சட்டைப் பட்டனை அவளாவே போட்டுட்டா" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். நல்ல மனிதர் என்றால் "அட, பரவாயில்லையே" என்பார். அதற்கு மேல் அவரும்தான் என்ன சொல்வார்? கோடிக்கணக்கான பேர் தினமும் காலையில் செய்கிற வேலை அது. சொன்னவருக்கோ, கேட்டவர் இன்னும் கொஞ்சம் ஆச்சரியப்பட்டிருக்கலாமே என்று உள்ளுக்குள் ஒரு சின்னக் குறை.

இரண்டு பேர் மேலும் தப்பில்லை. இருவருக்கும் தெரிந்தது வேறு வேறு விஷயம், அவ்வளவுதான். கேட்டவருக்குத் தெரிவது, பட்டன் போடத் தெரிந்த ஒரு குழந்தை. பெற்றவருக்குத் தெரிவது, போன வாரம் இதே பட்டனோடு மல்லுக்கட்டி, முகம் சிவந்து, சட்டையையே கழற்றி எறிந்த குழந்தை. நேற்றைக்கும் இன்றைக்கும் நடுவில் இருக்கிற தூரம் பெற்றவருக்கு மட்டும்தான் தெரியும், ஏனென்றால் நேற்று அவர் மட்டும்தான் பக்கத்தில் இருந்தார். பெற்றோரின் பெருமையில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பெருமை எங்கே கோணலாகத் திரும்புகிறது என்பதற்கான காரணமும் அங்கேயே இருக்கிறது.

முதலில் அந்தப் பட்டனைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு கை துளை இருக்கிற துணி ஓரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்னொரு கை பட்டனைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விளிம்பில் பிடித்து, சாய்த்துத் துளைக்குள் தள்ள வேண்டும். துணியை அதிகமாக இழுத்தால் துளை மூடிக்கொள்ளும். தொளதொளவென விட்டால் பட்டனோடு துணியும் சேர்ந்து போகும். பாதி நுழைந்ததும்தான் உண்மையான சிக்கல். தள்ளிக்கொண்டிருந்த விரல் இப்போது விட வேண்டும். துணியைப் பிடித்துக்கொண்டிருந்த கை அதை விடாமலே, எட்டிப் பார்க்கிற பட்டன் விளிம்பையும் பற்றி இழுக்க வேண்டும். இந்தக் கைமாற்றத்தில்தான் பட்டன் வழுக்கிப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இவ்வளவும் நடக்கிற இடம் குழந்தையின் சொந்த வயிற்றின் மேல். மோவாயை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, வயிற்றைத் தள்ளிக்கொண்டு பார்த்தாலும் பாதிதான் தெரியும். கழுத்துப் பட்டன் என்றால் சுத்தமாகத் தெரியாது. எல்லாம் முடிந்து நிமிர்ந்தால் கீழே ஒரு துளை மிச்சம் இருக்கும். முதல் பட்டனே தப்பான துளையில் போயிருக்கும்!

அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் வெளியிடுகிற வளர்ச்சிப் பட்டியலில், சில பட்டன்களைக் கழற்றுவது 4 வயதுக்கும், போடுவது 5 வயதுக்கும் வருகிறது. கழற்றுவதற்கும் போடுவதற்கும் நடுவில் ஒரு முழு வருடம். அந்த வருடத்தில் என்ன நடக்கிறது என்று பக்கத்து நாற்காலிக்காரருக்குத் தெரியாது. அவர் வீட்டுப் பிள்ளை பட்டன் போடக் கற்றபோது அவருக்கும் தெரிந்திருக்கும், மறந்திருப்பார்.

நடையும் அப்படித்தான். 'முதல் அடி' என்று நாம் ஒரு தேதியைக் குறித்துவைத்துக்கொள்கிறோம். நியூயார்க் பல்கலைக்கழகத்தின் கேரன் அடால்ஃப் குழுவினர், 12 முதல் 19 மாதக் குழந்தைகள் தங்கள் விருப்பத்துக்கு விளையாடும்போது எவ்வளவு நடக்கிறார்கள் என்று எண்ணி 2012இல் வெளியிட்டார்கள். சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு 2,368 அடிகள், 17 விழுகைகள். மணிக்குப் பதினேழு தடவை! பெரியவர்களில் யாராவது ஒரு வேலையைக் கற்கும்போது இந்த வேகத்தில் தோற்றால், முதல் நாள் மத்தியானமே மூட்டையைக் கட்டிவிடுவோம். குழந்தை விழுந்த இடத்தில் கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, மறுபடி எழுந்து போய்க்கொண்டே இருக்கிறது. அந்த முதல் அடிக்கு முன்னாலும் பின்னாலும் இப்படிப்பட்ட மணி நேரங்கள் எத்தனையோ கிடக்கின்றன. வீடியோவில் பதிவாவது கடைசி மூன்று விநாடி.

உலக சுகாதார நிறுவனம் கணக்கெடுக்கும்போது, குறைந்தது ஐந்து அடியாவது பிடிமானம் இல்லாமல் வைத்தால்தான் 'தனியாக நடந்தது' என்று ஒத்துக்கொண்டது. பெற்றோருக்கு ஒன்று போதும். அரை அடி வைத்து மடியில் விழுந்தாலே தொலைபேசியை எடுத்துவிடுவோம்.

அந்தக் கணக்கெடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் 816 ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிடிமானம் இல்லாமல் உட்காருவது 3.8 முதல் 9.2 மாதத்துக்குள். தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள். இத்தனைக்கும் இது இயல்பான வளர்ச்சியின் எல்லைதான். ஒரு முனைக்கும் மறு முனைக்கும் ஒன்பது மாதத்துக்கு மேல் இடைவெளி. ஏறக்குறைய 4 சதவீதக் குழந்தைகள் கையையும் முழங்காலையும் ஊன்றித் தவழவே இல்லை. உட்கார்ந்தபடியே நகர்ந்தோ வேறு வழியிலோ கடந்து, நேரே எழுந்து நின்றுவிட்டார்கள். அமெரிக்க மையம் 2022இல் தன் பட்டியலைத் திருத்தியபோது தவழுவதை அதிலிருந்து எடுத்தே விட்டது.

எப்போது எது வரும் என்பதில் பழக்கத்துக்கும் பங்கு உண்டு. கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் குழந்தைகளுக்கு உட்காரவும் நடக்கவும் வேண்டுமென்றே பயிற்சி கொடுப்பதை சார்ல்ஸ் சூப்பர் என்ற ஆய்வாளர் 1970களில் பதிவு செய்தார். அந்தக் குழந்தைகள் பயிற்சி கொடுத்த விஷயங்களில் முந்தினார்கள். பயிற்சி கொடுக்காதவற்றில் முந்தவில்லை. 1990களில் பல நாடுகளில், தூக்கத்தில் நேரும் திடீர் மரணங்களைத் தடுக்கக் குழந்தைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொன்னார்கள். அதன்பின் குழந்தைகள் புரள்வதும் தவழ்வதும் கொஞ்சம் தள்ளிப்போனது. நடக்கிற வயது மாறவில்லை. சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் பிறப்பிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து நடத்திய ஆய்வில், இயல்பாக வளர்கிற குழந்தைகளிடையே சீக்கிரம் நடந்ததற்கும் பிற்பாடு பள்ளி வயதில் இருக்கும் அறிவுத்திறனுக்கும் சம்பந்தம் தென்படவில்லை.

இவ்வளவு தெரிந்தும் "பத்து மாசத்துலயே நடந்துட்டான்" என்பதில் அந்த 'லயே' எங்கிருந்து வருகிறது? பொறாமையிலிருந்தோ கர்வத்திலிருந்தோ மட்டும் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. கேட்கிறவருக்கு நேற்றையப் படம் கிடையாது. "போன வாரம் சோபாவை விட்டால் அலறுவான், இன்றைக்கு விட்டுவிட்டு நடுக்கூடத்துக்கு வந்துவிட்டான்" என்று முழுக் கதையும் சொன்னால்தான் புரியும். அவ்வளவு நேரம் யாருக்கு இருக்கிறது? அதனால் அவருக்கும் உடனே விளங்குகிற அளவுகோல் ஒன்று தேவைப்படுகிறது. வயது, மாதம், இன்னொரு குழந்தை. நேற்றோடு ஒப்பிட்டுப் பெருமைப்பட்டவர், வாயைத் திறக்கிற நேரத்தில் அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டுவிடுகிறார். அப்படிச் சொல்லிச் சொல்லியே கொஞ்ச நாளில் அவருக்கும் அந்த அளவுகோல்தான் கண்ணில் படும். நேற்று மறந்துபோகும்.

தமிழில் இதற்கு ஒரு பழைய வழி இருக்கிறது. பிள்ளைத்தமிழ் என்கிற இலக்கிய வகையைப் பாருங்கள். பாட்டுடைத் தலைவரைக் குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களாகப் பாடுவது வழக்கம். ஐந்தாம் மாதத்தில் செங்கீரை: ஒரு காலை மடக்கி, கைகளை ஊன்றி, தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி: இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவது. ஒரு வயதை ஒட்டி வருகைப் பருவம்: தளர்நடை போட்டு வா என்று அழைப்பது. இன்றைய குழந்தை மருத்துவர் கையில் இருக்கிற பட்டியலோடு பெரிதாக மோதாத வரிசைதான் இது. பாடப்படுகிற தலைவர் தெய்வமோ அரசரோ யாராக இருந்தாலும், அங்கே கொண்டாடப்படுகிற செயல் தலை தூக்கியது, கை தட்டியது, நடந்து வந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவதில்லை. அம்புலிப் பருவத்தில் மட்டும் நிலாவோடு ஒப்பிடுவார்கள், அதிலும் நிலாதான் தோற்கும்.

ஒப்பிடுகிற பழக்கம் கண்ணையே மாற்றிவிடும் என்பதற்கு அடால்ஃப் குழுவிலிருந்தே இன்னோர் ஆய்வு உண்டு, 2000இல் வந்தது. 11 மாதக் குழந்தைகள் தவழ்ந்து இறங்குவதற்குச் சாய்வை ஏற்றி இறக்கக்கூடிய ஒரு பலகை. எவ்வளவு சரிவு வரை உங்கள் குழந்தை இறங்கும் என்று முன்கூட்டியே தாய்மாரிடம் கேட்டார்கள். பையன்களின் தாய்மார் உள்ளதைவிட அதிகம் சொன்னார்கள். பெண் குழந்தைகளின் தாய்மார் உள்ளதைவிடக் குறைத்துச் சொன்னார்கள். பலகையில் விட்டுப் பார்த்தபோது ஆண், பெண் குழந்தைகளுக்கு நடுவில் வித்தியாசமே இல்லை. தினமும் கூடவே இருக்கிற தாய்மார் இவர்கள். பார்த்ததை வைத்துச் சொல்லாமல், 'பையன் என்றால் இப்படி, பெண் என்றால் இப்படி' என்று வைத்திருந்த கணக்கிலிருந்து சொல்லியிருக்கிறார்கள்.

சரி, இதெல்லாம் பெரியவர்களின் பக்கம். குழந்தைக்கு நம் பெருமை எப்படிப் போய்ச் சேருகிறது?

முதலில் முகம் வழியாக. 1985இல் வெளிவந்த ஒரு சோதனையில், ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு மேசை மேல் விட்டார்கள். மேசையின் ஒரு பாதி கெட்டியானது. மறு பாதி கண்ணாடி, அதன் அடியில் சிறிய பள்ளம் இருப்பதுபோலத் தெரியும். குழந்தை விளிம்பு வரை வந்து நிற்கும், எதிரே நிற்கிற அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா சிரித்த முகமாக இருந்தபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். பயந்த முகத்தைக் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூட வரவில்லை. ஒரு வார்த்தை பேசவில்லை, முகம் மட்டும்தான். அந்த வயதுக் குழந்தைக்கு நம் பெருமிதம் பரிசோ பாராட்டோ இல்லை. 'இங்கே வரலாமா, கூடாதா' என்பதற்கு அது ஒரு தகவல்.

சாதனை என்று ஒன்று இருப்பது குழந்தைக்குப் புரிகிற விதமும் படிப்படியானது. டெபோரா ஸ்டைபெக்கும் சக ஆய்வாளர்களும் 1992இல் இதை விரிவாக எழுதினார்கள். இரண்டு வயதுக்குள் இருக்கிற குழந்தை ஒரு வளையத்தைக் கம்பியில் கோத்துவிட்டால் சிரிக்கும். ஆனால் நீங்கள் பார்த்தீர்களா என்று தேடாது. இரண்டு வயதை நெருங்கும்போது செய்து முடித்த உடனே நிமிர்ந்து உங்களைப் பார்க்கும். "அம்மா பாரு, அப்பா பாரு" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்கிற காலம் இது. (காபி ஆறிப்போகிற காலமும் இதுதான்.) போட்டி என்பது இதற்கும் பின்னால்தான். இரண்டு குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒரே வேலையைக் கொடுத்தபோது, இரண்டே முக்கால் வயதுக்குக் கீழே இருந்தவர்களுக்கு வேலையை முடித்ததே போதுமானதாக இருந்தது, முன்னால் முடித்தாலும் பின்னால் முடித்தாலும். அந்த வயதைத் தாண்டியவர்களில்தான் ஜெயித்தவர் சிரிப்பு தோற்றவர் சிரிப்பைவிட அதிகமாக இருந்தது. ஆக, தான் இன்னொருவரைவிட முந்தினோமா என்று குழந்தைக்கே தோன்றுவதற்கு ரொம்ப முன்னாலேயே பெரியவர்கள் அந்தக் கணக்கைத் தொடங்கிவிடுகிறார்கள்.

தானே தன்னை மெச்சிக்கொள்கிற குழந்தையைப் பற்றிய ஒரு பழைய குறிப்பு சார்ல்ஸ் டார்வினுடையது. 1839இல் பிறந்த தன் மூத்த மகனின் வளர்ச்சியை அவர் குறித்துவைத்திருந்தார்; 37 ஆண்டுகள் கழித்து, 1877இல் அந்தக் குறிப்புகளைக் கட்டுரையாக்கினார். பையனுக்கு 2 வயது 3 மாதம் இருக்கும்போது, கையிலிருந்த இஞ்சி கேக்கின் கடைசித் துண்டைத் தங்கைக்குக் கொடுத்துவிட்டு, "நல்ல டோடி, நல்ல டோடி" என்று தன் செல்லப் பெயரைச் சொல்லித் தன்னையே பாராட்டிக்கொண்டானாம். உணர்ச்சிகளைப் பூச்சியைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்த மனிதர் அவர். ஆனாலும் இத்தனை ஆண்டுகள் கழித்து அந்தத் துண்டை விடாமல் எழுதியதில் அப்பாவின் கை தெரிகிறது.

மூன்று வயதில் குழந்தை இன்னும் ஒன்று செய்கிறது: வேலையின் கனத்தை எடை போடுகிறது. மைக்கேல் லூயிஸ் குழுவினர் 1992இல் மூன்று வயதுக்காரர்களுக்குச் சுலபமான வேலையும் கடினமான வேலையும் கொடுத்துப் பார்த்தார்கள். கடினமானதை முடித்தபோது நெஞ்சை நிமிர்த்துவதும் சிரிப்பதும் அதிகம். சுலபமானதில் தோற்றபோது வெட்கப்படுவது அதிகம். இதன் பொருள், தண்ணீர் டம்ளரை எடுத்து வைத்ததற்கெல்லாம் நாம் ஆகா ஓகோ என்றால், அது கொஞ்சம் கூடுதல் என்று மூன்று வயதுப் பிள்ளைக்கே தெரியத் தொடங்கும் என்பதுதான்.

பாராட்டைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள், ஆதலால் சுருக்கமாகவே சொல்கிறேன். 1998இல் கிளாடியா முல்லரும் கரோல் டுவெக்கும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த ஆய்வுதான் எல்லாரும் மேற்கோள் காட்டுவது. "நீ புத்திசாலி" என்று பாராட்டப்பட்டவர்கள் அடுத்து சுலபமான புதிரையே தேடினார்கள். கடினமானதில் சறுக்கிய பிறகு தங்கள் மதிப்பெண்ணை ஏற்றிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். "நன்றாக உழைத்தாய்" என்று கேட்டவர்கள் சவாலைத் தேடினார்கள். 2013இல் எலிசபெத் கண்டர்சன் குழுவினர் 53 வீடுகளில் ஒன்றிலிருந்து மூன்று வயது வரை பெற்றோர் இயல்பாகப் பேசியதைப் பதிவு செய்து, ஐந்து வருடம் கழித்து அதே பிள்ளைகளிடம் போனார்கள். செயலைச் சொல்லிப் பாராட்டிய வீட்டுப் பிள்ளைகள், முயன்றால் திறமை வளரும் என்று நம்புவது கூடுதலாக இருந்தது. எடி ப்ரம்மெல்மன் 2014இல் காட்டியது இன்னும் நுட்பமானது. தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகளிடம் அவர்கள் வரைந்த படத்தை "நம்பவே முடியாத அழகு" என்று சொன்னால், அடுத்த முறை கடினமான படத்தைத் தொடவே தயங்கினார்கள். "அழகாக இருக்கிறது" என்பதோடு நிறுத்தியபோது அந்தத் தயக்கம் வரவில்லை. சிக்கல் என்னவென்றால், நாம் அப்படி ஊதிப் பெருக்கிப் பாராட்டுவதே பெரும்பாலும் தன்னம்பிக்கை குறைந்த பிள்ளையைத்தான், தூக்கிவிட நினைத்து.

இதை எல்லாம் படித்துவிட்டு ஒவ்வொரு சொல்லையும் தராசில் வைத்துப் பேசத் தேவையில்லை. முயன்றால் திறமை வளரும் என்கிற இந்த மனப்பான்மை விஷயத்தில் பின்னால் வந்த பெரிய ஆய்வுகளில் பலன் சிறிதாகவே தெரிந்தது. "சமத்துடா என் கண்ணு" என்று கட்டிக்கொண்ட அம்மாவால் எந்தப் பிள்ளையும் கெட்டுப்போகப் போவதில்லை. என் கணக்கில் வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது: பாராட்டுகிறவர் உண்மையிலேயே பார்த்தாரா? "சூப்பர்" என்பதைச் செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லலாம். "அட, இந்தத் தடவை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஊத்தினியா, அதான் சிந்தல" என்பதைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

'காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு' என்று நாம் சிரித்துக்கொண்டே சொல்வதை ப்ரம்மெல்மன் அளந்தும் பார்த்திருக்கிறார். தன் பிள்ளை மற்றப் பிள்ளைகளைவிட விசேஷமானது என்று உறுதியாக நம்புகிற பெற்றோரிடம், இன்னின்ன விஷயம் உங்கள் பிள்ளைக்குத் தெரியுமா என்று ஒரு பட்டியலைக் கொடுத்தார். அதில் 'ராணி ஆல்பர்ட்டா' போல உலகத்திலேயே இல்லாத சிலவும் கலந்திருந்தன. அந்தப் பெற்றோர் அதையும் தம் பிள்ளைக்குத் தெரியும் என்று சொல்லத் தயாராக இருந்தார்கள்! சிரிப்பாக இருந்தாலும், 2015இல் அவர் வெளியிட்ட இன்னோர் ஆய்வு சிரிக்கிற விஷயமில்லை. 7 முதல் 12 வயது வரையிலான 565 பிள்ளைகளையும் அவர்கள் பெற்றோரையும் தொடர்ந்து பார்த்ததில், 'நீ மற்றவர்களைவிட உசத்தி' என்று வளர்த்த வீடுகளில் பிள்ளைகளின் தற்பெருமை கூடியது, தன்மதிப்பு கூடவில்லை. தன்மதிப்பு கூடியது பிள்ளையிடம் அன்பாக, நெருக்கமாக இருந்த வீடுகளில்.

பிள்ளையின் பெருமையில் நம் சொந்தப் பழைய கணக்கும் கலந்துவிடுவது உண்டு. நான் பாட்டுக் கற்க முடியவில்லை, அவளாவது கற்கட்டும் என்பது போல. பிள்ளையைத் தன்னில் ஒரு பகுதியாக நினைக்கிற பெற்றோரிடம்தான் இந்த ஆசை வலுவாக இருந்ததாக 2013இல் வந்த ஒரு டச்சு ஆய்வு சொல்கிறது. பட்டன் போடுவது, காலணியை மாட்டுவது போன்ற அன்றாட விஷயங்களில் இந்தத் தொல்லை குறைவு. பட்டன் போட முடியாமல் போன கனவு யாருக்கும் இல்லையே.

அன்றாட விஷயங்களில் நாம் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டென்றால் அது உதவி. ஃபெலிக்ஸ் வார்னெகனும் மைக்கேல் டோமசெல்லோவும் 2006இல் காட்டியபடி, ஒன்றரை வயதுக் குழந்தை முன்பின் தெரியாத ஒருவர் கைதவறிப் பேனாவை விட்டால் எடுத்துக் கொடுக்கும். இரண்டு கையிலும் புத்தகங்களோடு அலமாரியை இடித்துக்கொண்டு நின்றால் கதவைத் திறந்துவிடும். யாரும் கேட்கவில்லை, சொல்லிக்கொடுக்கவும் இல்லை. இரண்டு ஆண்டு கழித்து அவர்களே இன்னொன்றைச் சோதித்தார்கள். உதவியதற்குப் பொருளாகப் பரிசு கொடுத்துப் பழக்கிய குழந்தைகள், பரிசு நின்றபின் முன்னைவிடக் குறைவாக உதவினார்கள். வாயால் பாராட்டியதால் குறையவில்லை. வீட்டில் இது எப்படி இருக்கும் என்று தெரியும். துணி மடிக்கிற இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, மடித்துவைத்த நான்கைக் கலைத்து ஒன்றைச் சுருட்டிக் கையில் தரும். வேலை இரட்டிப்பு. பாட்டுப் பாடிக் காட்டினால் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்கிற நாம், இந்தச் சுருட்டிய துணிக்கு "நீ போய் விளையாடுடா" என்கிறோம்.

பாடிக் காட்டுவது என்றதும் நினைவுக்கு வருகிறது. விருந்தாளி வந்தால் "மாமாவுக்கு ஒண்ணு ரெண்டு மூணு சொல்லிக் காட்டு" என்று தள்ளிவிடுவோம். காலையில் குளியலறையில் இருபது வரைக்கும் சொன்ன பிள்ளை கதவுக்குப் பின்னால் ஒளியும். "வீட்ல நல்லாச் சொல்லும், இப்ப என்னமோ" என்று அசடு வழிவது பெற்றோர். எண்ணிக் காட்டுவது வேறு, புதிய முகத்தின் முன்னால் நின்று எண்ணிக் காட்டுவது வேறு. இரண்டாவது இன்னும் வராத ஒரு திறமை. கேமராவை நீட்டினாலும் கிட்டத்தட்ட இதே கதைதான். செய்து முடித்து நிமிர்ந்து தேடுகிற இடத்தில் முகத்துக்குப் பதில் செல்போனின் முதுகு இருந்தால், குழந்தைக்கு வேண்டிய தகவல் கிடைக்காது. எப்போதாவது எடுங்கள், தப்பில்லை. எல்லாவற்றையும் எடுக்க வேண்டியதில்லை.

இரண்டாவது பிள்ளைக்கு இதெல்லாம் பாதியாகக் குறைந்துவிடும் என்பது பெரும்பாலான வீடுகளில் தெரிந்த ரகசியம். மூத்தது எழுந்து நின்றது அதிசயம். இளையது எழுந்து நின்றால் "ஐயோ, இனி மேசை மேல எதையும் வைக்க முடியாது". அங்கே பெரும்பாலும் முதலில் கூச்சல் போடுவது மூத்த பிள்ளைதான். "பாப்பா நிக்குது, பாப்பா நிக்குது!" என்று அடுக்களைக்கு ஓடி வரும்.

வளர்ச்சி தாமதப்படுகிற பிள்ளைகளின் வீடுகளில் நான் சொல்லிவருகிற விஷயம் இன்னும் கூர்மையாகத் தெரியும். கரண்டியைப் பிடித்து வாய்வரை கொண்டுபோக ஒரு வருடம் முயன்ற பிள்ளை அதைச் செய்துவிட்டால், வெளியாளுக்கு அதில் பார்ப்பதற்கு ஒன்றுமே இருக்காது. 'இந்த வயசுல இன்னும் இதுதானா' என்றுகூடத் தோன்றும். வீட்டில் இருப்பவர்களுக்கு அது நேற்றிலிருந்து இன்று வரை கடந்த தூரம்; அதை வயதின் அளவுகோலால் அளந்தால் ஒன்றும் தெரியாது. அதற்காக வயதுப் பட்டியலே வேண்டாம் என்று தூக்கிப் போடக் கூடாது. அது ஊராரிடம் சொல்லிக்கொள்வதற்கு இல்லை, உதவியை எப்போது தேடுவது என்பதற்குத்தான். அமெரிக்க மையம் 2022இல் செய்த திருத்தத்தின் நோக்கமும் அதுவே: ஒவ்வொரு வயதிலும் 75 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் செய்துவிடுகிற விஷயங்களை மட்டும் வைத்தார்கள், 'பொறுத்துப் பார்ப்போம்' என்று மாதங்கள் ஓடிவிடாமல் இருக்க. ஒன்றரை வயதைத் தாண்டியும் தனியாக நடக்கவில்லை, ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்த வார்த்தைகள் காணாமல் போகின்றன, இரண்டு கையில் ஒன்றை மட்டுமே எப்போதும் பயன்படுத்துகிறது என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. பெருமையும் கவலையும் ஒரே பிள்ளை மேல் ஒரே நாளில் இருக்கலாம்.

இப்படிப்பட்ட பிள்ளைகளோடு வேலை செய்கிற சிகிச்சையாளர்கள் அன்றாடத் திறமைகளைக் கற்றுக்கொடுக்கும்போது அடிக்கடி கையாளுகிற முறை ஒன்று எந்த வீட்டுக்கும் உதவும். வேலையை முதல் படியிலிருந்து தொடங்காமல் கடைசிப் படியிலிருந்து பிள்ளையிடம் விடுவது. காலுறை என்றால், விரல், பாதம், குதிகால் எல்லாம் தாண்டிப் பெரியவரே இழுத்துவிடுவார். கணுக்காலுக்கு மேலே இழுக்கிற கடைசி இழுப்பு மட்டும் பிள்ளையுடையது. அது வந்தபின் குதிகால் வரை இழுத்து நிறுத்துவார், அப்புறம் பாதத்தின் நடுவில், அப்புறம் விரல் நுனியில். எந்தக் கட்டத்திலும் வேலையை முடித்தது பிள்ளைதான், பாதியில் கைவிட்டதாக இருக்காது. குதிகாலில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்வார்கள். அந்த ஒரு வளைவுக்கு மட்டும் தனியாக நாள் ஒதுக்கிவிடுவது நல்லது. காலுறையும் கொஞ்சம் தளர்வானதாக இருக்கட்டும்.